சட்டம் விட்டுக்கொடுத்த அடுப்பு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'சட்டம்'. பஸ்ஸில் ஒருவர் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தால், "கைக்குட்டைக்கு யாருங்க டிக்கெட் எடுத்தது?" என்று கேட்டு, அதை நான்காக மடித்து உரியவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். மருந்துக் கடையில் யாராவது குறுக்கே புகுந்தால், தோளில் கை போட்டு மரியாதையாகப் பேசிக்கொண்டே கூட்டிப் போய் வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு வருவார். சண்டைக்காரர் இல்லை. தனக்கு உரியது தனக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அரை நாள் வீணானாலும் பரவாயில்லை என்று நினைக்கிற மனிதர்.

கடவுளிடமும் அவர் அப்படித்தான். தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் கண்ணை மூடி நிற்பார். அது வேண்டுதல் போல இருக்காது, மனு கொடுப்பது போல இருக்கும். "நான் யாரையும் ஏமாத்தல, எடை குறைக்கல. அதனால எனக்கு இது இது சேரணும்" என்று வரிசையாகச் சொல்வார். பக்கத்தில் மாவு பிசைகிற ஆட்களுக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வார்கள்.

தொழில் ரொட்டி சுடுவது. அப்பா தொடங்கிய பேக்கரி. கடைவீதியைப் பார்த்தாற்போல் முன்பக்கம் கண்ணாடி அலமாரிகள், பின்பக்கம் ஆள் உயரத்துக்குச் செங்கல் அடுப்பு, மாடியில் இரண்டு அறைகள். ஓர் அறையில் சட்டமும் அவர் மனைவியும் மகளும். இன்னொன்றில் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பிள்ளைகள். இரண்டு குடும்பத்துக்கும் சமையல் மாடிப்படி முடிகிற இடத்தில், ஒரே மேடையில். ஒருத்தி தாளித்தால் இன்னொருத்தி தும்ம வேண்டும்.

சட்டம் பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலிருந்து அடுப்படியில்தான் நின்றார். எந்த மூலையில் சூடு அதிகம், எந்த ட்ரேயை எப்போது திருப்பிப் போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். தம்பிக்கு அடுப்பு ஆகாது. அவனுடைய இடம் முன்பக்கம். யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி, எந்தக் குழந்தைக்கு ஓரம் வெட்டின ரொட்டி பிடிக்கும் என்று எல்லாம் அவன் நாக்கு நுனியில் இருக்கும். கொஞ்சம் கருகிப் போனதைக்கூட, "இன்னைக்கு நல்லா செவந்து வந்திருக்கு பாருங்க" என்று சிரித்துக்கொண்டே விற்றுவிடுவான். பின்னால் ஒருத்தர் சுட, முன்னால் ஒருத்தர் விற்க, அப்பா இருந்தவரை எல்லாம் ஒழுங்காகப் போனது.

அப்பா போன பிறகு தம்பிக்கு ஓர் ஆசை வந்தது. செங்கல் அடுப்பை இடித்துவிட்டு மின்சார அடுப்பு வைக்க வேண்டும், மிச்சமாகும் இடத்தில் நாலு மேஜை போட வேண்டும்.

"அடுப்ப இடிக்கிறதுக்கு நீ யாருடா?" என்றார் சட்டம்.

"ஏன், கடையில எனக்குப் பங்கு இல்லையா?"

அந்த ஒரு கேள்வியில் பிடித்துக்கொண்டது. அன்று தொடங்கிய பேச்சு முற்றி, ஒருவர் பூட்டு போட இன்னொருவர் அதன்மேல் வேறொரு பூட்டு போட, அடுப்பு அணைந்தது. அப்பா காலத்திலிருந்து அந்த அடுப்பு அப்படிக் குளிர்ந்து கிடந்ததில்லை. வேலை செய்த ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு எதிர்க்கடைப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் இரண்டு பூட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கடைசியில் பெரியப்பா வந்தார். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேரையும் உட்காரவைத்து, "உங்கப்பன் சாகுறதுக்கு முன்னால எங்கிட்ட சொன்னதத்தான் சொல்றேன். எனக்கு இதுல கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்று ஆரம்பித்தார். கடையும் மாடியும் மூத்தவனுக்கு. ஊருக்கு வெளியே, மலைச்சாலை ஏறி முடிகிற இடத்தில் இருக்கும் மேட்டு நிலம் இளையவனுக்கு. கடையில் இருக்கும் சரக்கும் சாமானும் ஆளுக்குப் பாதி.

தம்பி எழுந்து போய்விட்டான்.  சட்டத்தின் மனைவி அன்று மாலையே கொழுந்தனின் அறைக்கு எத்தனை முழம் திரைச்சீலை வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் ஒரே அறையில் படுத்து, மாடிப்படியில் சமைத்து, மகளைப் படிக்கவைக்க மூலை தேடியவள்.

தம்பி காலி செய்கிற நாள் வந்தது. சாவியை வாங்கிக்கொள்ளச் சட்டம் காலையில் கீழே இறங்கினார். மாடியில் தம்பி மனைவி தட்டுகளைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழே தம்பி கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தினமும் செய்கிற மாதிரியே, முதலில் ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி. இனி அந்த அலமாரி அவனுடையது இல்லை. இருந்தாலும் மூலையில் ஒட்டியிருந்த ஒரு கறையை நகத்தால் சுரண்டி எடுத்தான்.

"எதுக்குடா இன்னைக்கும் தொடைக்கிற?"

"பழக்கம்ணே." தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. "அந்த மேட்டுல போய் நான் யாருக்கு என்னத்த விக்கப் போறேன்? அங்க மனுஷனே கெடையாது. எனக்கு இந்தத் தெருவ விட்டா வேற ஒன்னும் தெரியாது. சரி விடு. ஒனக்குச் சேர வேண்டியது ஒனக்கு."

கடைசி வாக்கியத்தை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் சட்டத்தைத் தொட்டது. ஆயுள் முழுக்க அவர் சொல்லிவந்த வார்த்தை அது. இன்னொருவர் வாயிலிருந்து அவருக்குச் சாதகமாக வந்தபோது, ஏனோ காதில் நல்லபடியாக விழவில்லை.

அவர் பின்பக்கம் போனார். பெரியப்பாவின் தீர்ப்புக்குப் பிறகு மறுபடி மூட்டிய அடுப்பு முதல்நாள் சூட்டில் இன்னும் கதகதவென்றிருந்தது. செங்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணை மூடினார். மனு தயாராகத்தான் இருந்தது. ஆனால் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை, எல்லாம் கிடைத்துவிட்டது. அப்படியே நின்றார். தம்பியை அனுப்பிவிட்டு இந்த அடுப்புக்கு முன்னால் தினமும் வந்து நிற்கிற தன்னை நினைத்துப் பார்த்தார். ரொட்டி வரும், மாடி வரும், நியாயமும் தன் பக்கம் இருக்கும். அதற்கப்புறம் கடவுளிடம் பேச என்ன இருக்கும் என்று தோன்றியது. பின்னாளில் அவரிடம் யார் கேட்டாலும் அந்த நிமிஷத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்வார்: "எனக்கு ஒரே ஒரு நெனப்புதான் வந்துச்சு. இத நான் இறுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும், அவரு எனக்கு வேற எதையும் குடுக்க முடியாதே, கை காலியா இல்லையே!"

முன்பக்கம் வந்து தம்பி நீட்டிய சாவியை அவன் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார்.

"என்னண்ணே?"

"நீ இங்கயே இரு. நான் மேட்டுக்குப் போறேன்."

"வெளையாடாத."

"எனக்கு அடுப்பு எங்க வேணா கட்டிக்க வரும்டா. ஒனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிய விட்டா வராது."

தம்பி துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். கண் கலங்கியதா என்றால், இல்லை. முதலில் அவன் நம்பவில்லை, பிறகு சந்தேகப்பட்டான். அண்ணன் இதில் ஏதோ சூழ்ச்சி வைத்திருக்கிறான் என்று மனைவியிடம் சொன்னானாம். சட்டம் விட்டுக்கொடுத்தார் என்றால் யார்தான் நம்புவார்கள்?

மாடியில் வேறு மாதிரி இருந்தது.

"ஏங்க, உங்களுக்கு மூளை கீளை பெசகிடுச்சா?" என்றாள் மனைவி. "பஸ்ல உக்கார்ற எடத்துக்கு ஊரக் கூட்டுவீங்க. இப்ப வீட்டையே தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க!"

"கடவுள் பாத்துப்பாரும்மா."

"அவரு வந்து அடுப்பு கட்டித் தருவாரா? அவரு வந்து இந்தப் பொண்ணுக்குச் சோறு போடுவாரா? இருக்கிறத வச்சுக்கிட்டு அவர நம்புங்க. யாரு வேணாம்னா? இருக்கிறதத் தொலைச்சுட்டு நம்புறதுக்குப் பேரு என்னங்க?"

அவர் தெரியாது என்றே சொன்னார். அவள் கோபத்தில் அவரைத் திட்டி முடித்து, பிறகு மேலே பார்த்துக் கடவுளையும் ஒரு பாட்டம் திட்டினாள். திட்டிக்கொண்டே சாமான் கட்டினாள்.

மேட்டு நிலம் என்றால் முள்ளும் கல்லும். நடுவில் அப்பா எப்போதோ வெட்டி, தண்ணீர் வராமல் கைவிட்ட கிணறு, பாதிக்கு மேல் மண் மூடிக் கிடந்தது. ஓரமாக மலைச்சாலை வளைந்து ஏறி வந்து சமமாகிற இடம். சரக்கு ஏற்றிய லாரிகள் ஏறி வந்து, அந்தச் சமதளத்தில் வரிசையாக நின்று பெருமூச்சு விடும். தகரக் கூரை போட்ட கொட்டகையில் குடும்பம் இறங்கியது. விடியும் முன்பே ஹாரன் சத்தம். "இது ஒன்னுதான் கொறச்சலா இருந்துச்சு" என்று மனைவி காதைப் பொத்திக்கொள்வாள்.

சட்டம் அடுப்பு கட்டினார். அவருக்கு அடுப்பில் சுடத் தெரியும், கட்டுவது வேறு வித்தை என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் அடுப்பு புகை தள்ளியது. சரிசெய்து முடித்த வாரம் பெய்த மழையில் வளைவு உள்ளே சரிந்து விழுந்தது. அவர் பகலில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார், கொத்தனாரிடம் வளைவு கட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். மகள் ஒரு மணி நேரம் நடந்து பள்ளிக்கூடம் போனாள். அரிசி டப்பாவைத் திறக்கும்போது மனைவி உள்ளே எட்டிப் பார்க்கமாட்டாள், கையை விட்டுத் துழாவுவாள். ஆனால் ஒரு நாளும் டப்பா சுத்தமாகக் காலியாகவில்லை. ஒரு தடவை கொத்தனார் வீட்டில் மிஞ்சிய மாவு மூட்டை வந்தது. ஒரு தடவை பள்ளிக்கூட ஆசிரியை மகளோடு காய்கறி கொடுத்தனுப்பினாள், ஏன் என்று யாருக்கும் தெரியாது. வந்தது எல்லாம் அன்றைக்குப் போதுமான அளவுதான், அடுத்த நாளுக்கு மிஞ்சாது. சட்டத்தின் காலை மனு இப்போது சுருங்கிவிட்டது. "இன்னைக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நிற்பார்.

இரண்டாவது அடுப்பும் விரிசல் விட்ட நேரத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்கு அவர் உடைந்துபோனார். செங்கல் குவியல் மேல் உட்கார்ந்து, "நாளைக்குக் கீழ போறேன். தம்பிகிட்ட கேக்குறேன். பெரியப்பா இன்னும் உசுரோடதான இருக்காரு. எனக்குச் சேர வேண்டியதுதானே அது" என்றார்.

மனைவி குழந்தையின் நெற்றியில் ஈரத் துணியை மாற்றிப் போட்டாள். இத்தனை நாள் இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் அவள்.

"போகாதீங்க," என்றாள்.

"நீதானே சொன்ன..."

"அன்னைக்குச் சொன்னேன். அன்னைக்கே கேட்டு வாங்கியிருக்கணும். இப்பப் போய் நின்னா, நீங்க குடுத்ததும் பொய்யாயிடும், நம்ம இங்க பட்டதும் வீணாப் போயிடும். நான் இவ்வளவு முள்ளு வெட்டுனது அதுக்கா?" குழந்தையைப் போர்த்திவிட்டு, "எனக்கு உங்க அளவுக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல. ஆனா குடுத்தது குடுத்ததுதான்" என்றாள்.

மகளுக்கு ஜுரம் இறங்கியது. அவர் மறுபடி செங்கல் அடுக்கத் தொடங்கினார். மாவு பிசையத் தண்ணீர் வேண்டும், கீழேயிருந்து சுமந்து கட்டுப்படியாகவில்லை. அதனால் இருவரும் பழைய கிணற்றைத் தூர் வாரினார்கள். அவர் கீழே இறங்கி வெட்ட, அவள் மேலே நின்று கூடையை இழுப்பாள். அப்பா விட்ட ஆழத்துக்கு வந்து, அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் போனதும், கடப்பாறை முனை ஈரமாக வெளியே வந்தது. அவர் உள்ளிருந்து கத்தினார். பாம்பு என்று நினைத்து அவள் கயிற்றை இழுத்த வேகத்தில் அவர் தலையில் கூடை இடித்தது. அன்றைக்கு இருவரும் அங்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்கள்.

மூன்றாவது அடுப்பு நின்றது. முதல் ரொட்டி வெந்துகொண்டிருந்த விடியற்காலையில் ஒரு லாரி டிரைவர் காலிக் கேனோடு கொட்டகை வாசலுக்கு வந்தான். மீசைக்காரன், தோளில் துண்டு.

"அக்கா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா? ரேடியேட்டர் கொதிக்குது. இந்த ஏத்தம் ஏறி வந்தா எல்லா வண்டியும் இங்க நின்னு ஆறித்தான் ஆகணும். ஆனா பக்கத்துல பொட்டுத் தண்ணி கெடையாது, வருஷக்கணக்கா இதே கதைதான்."

அவள் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். அவன் கேனை நிரப்பிவிட்டு மூக்கை உறிஞ்சினான். "என்ன வாசனக்கா அது?"

சட்டம் ஒரு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். அவன் நின்றபடியே தின்றான். பிறகு சாலையைப் பார்த்துத் திரும்பி, வாயில் ரொட்டியோடு, பின்னால் நின்ற வண்டிகளை நோக்கிக் கத்தினான்: "டேய், எல்லாரும் எறங்கி வாங்கடா!"

மனைவி திட்டித் தீர்த்த அந்த ஹாரன்கள்தான் அவர்களுக்குச் சோறு போட்டன. லாரிகள் அவர்கள் வருவதற்கு முன்பே தினமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தன. கீழே ஊரில் இருந்த ஒருத்தருக்கும் அது தெரியாது. தண்ணீர் இலவசம், ரொட்டி விலைக்கு என்று வைத்தார் சட்டம். "தண்ணி நமக்கும் சும்மாதானே வந்துச்சு" என்பார்.

பழைய குணம் போய்விட்டதா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு நாள் அளவு நாடாவோடு வந்து, லாரிகளுக்காகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி தன் நிலத்தில் ஒரு முழம் வந்திருப்பதாகச் சொன்னார். சட்டம் வேட்டியை மடித்துக் கட்டினார். "யார் நிலத்துல? கல்லு எங்க நட்டிருக்குன்னு பாத்துட்டுப் பேசுங்க! இன்னொரு தடவ அளங்க, நான் நாடாவப் பிடிக்கிறேன்" என்று குரல் ஏறியது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "ஏங்க, பெரியப்பாவக் கூட்டியாரட்டுமா?" என்று ரொம்பச் சாதுவாகக் கேட்டாள். அவர் அப்படியே நின்றார். பிறகு நாடாவைச் சுருட்டிப் பக்கத்து நிலத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டு, மறுநாளே தொட்டியை இடித்து உள்ளே தள்ளிக் கட்டினார். கட்டும்போது முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினார். அது கேட்டது.

தம்பி வந்தது அதற்கும் பிறகு, ஒரு மத்தியானம். பஸ்ஸில் வந்தவன் மேட்டில் இறங்காமல் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தான். அண்ணன் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த நாளுக்காகச் சட்டம் மனசுக்குள் ஒரு பேச்சை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். கிணற்றில் இருந்தபோது அதற்கு மெருகு ஏற்றியிருந்தார். நல்ல பேச்சு. தம்பி மெலிந்திருந்தான்.

"அண்ணே, மின்சார அடுப்பு நல்லாத்தான் வேல செய்யுது," என்றான் தம்பி. "ஆனா என் ரொட்டிய யாரும் ரெண்டாவது தடவ வாங்க மாட்டேங்குறாங்க."

"ஆள் வச்சுச் சுடுறியா?"

"மூணு பேர் மாத்திட்டேன்."

சட்டம் வாயைத் திறந்தார். ஒத்திகை பார்த்த முதல் வரி நாக்கில் வந்து நின்றது. மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து, அப்போதுதான் இறக்கிய ட்ரேயிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துத் தம்பி முன் வைத்தார்.

"மொதல்ல சாப்பிடு."

தம்பி அதைப் பிட்டான். உள்ளேயிருந்து ஆவி வந்தது.  "அன்னைக்கு நீ என்னமோ திட்டம் போட்டுத்தான் குடுத்தேன்னு நெனச்சேன்ணே. ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றான். மன்னிப்பு என்கிற வார்த்தையை அவன் சொல்லவில்லை. கடைசிவரை சொன்னதும் இல்லை.

சட்டத்தின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "நாளையிலேர்ந்து காலையில வண்டி அனுப்புங்க," என்றாள் கொழுந்தனிடம். "ரொட்டி இங்கேர்ந்து வரும். நீங்க வித்துக்குங்க. ஆனா வண்டி நேரத்துக்கு வரலன்னா, நான் லாரிக்காரங்களுக்குக் குடுத்துடுவேன். உறவெல்லாம் அப்புறம்."

"சரிங்க அண்ணி."

அப்படியாக, அண்ணன் சுட, தம்பி விற்க, முன்பிருந்த மாதிரியே ஆயிற்று. நடுவில் ஒரு மலைச்சாலை வந்துவிட்டது, அவ்வளவுதான். கடையும் மாடியும் தம்பியிடமே இருந்தன. திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பெரியப்பா ஒரு தடவை கேட்டதற்குச் சட்டம், "எனக்கு இங்க வேல இருக்கு பெரியப்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்த மீசைக்கார டிரைவர் இந்தக் கதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டு ஒரு நாள் கேட்டான்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க இங்க நிக்கலன்னா? கெணத்துல தண்ணி வரலன்னா? அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

 "தெரியலப்பா," என்றார் சட்டம். "சாவிய அவன் பையில போட்டப்ப, லாரி நிக்கிற விஷயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அது நல்ல வியாபாரம், அவ்வளவுதான். நிக்கலன்னா வேற ஏதோ வழி வந்திருக்கும். இல்ல, வராமக்கூடப் போயிருக்கலாம். ஆனா தம்பி தம்பியா இருந்திருப்பான். அது எனக்கு அன்னைக்கே கெடைச்சிருச்சு."

டிரைவர் அவர் மனைவியைப் பார்த்தான். "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"என்னக் கேக்காத," என்றாள் அவள். "இவரு ஒன்னும் கேக்காம நின்னாரு. நான் மேல பாத்து வாய்க்கு வந்தபடி திட்டுனேன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் சோறு வந்துச்சு. அதத்தான் நான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்த ட்ரேயைத் திருப்பிப் போட உள்ளே போனாள்.